செங்குன்றம் நெல் ஆலை முதலாளிகளுக்கு: உமி வெள்ளைச் சாம்பலாகும் முன் ஒரு வார்த்தை

செங்குன்றம் நெல் ஆலை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் ராயபுரத்துக்காரன். ஒரு பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் 26 வருஷம் உதவியாளராக இருந்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். சோழவரம் பக்கம் போகும்போதெல்லாம் உங்கள் ஆலைகளைத் தாண்டித்தான் போகிறேன், புழுங்கல் நெல் அவிக்கும் வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு, கண்ணில் விழும் கருந்தூளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு. தூளைப் பற்றிச் சண்டை போட இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று மடித்து வைத்துவிடாதீர்கள். அந்தத் தூளைத்தான் கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் பக்குவமாக, நனைத்து, மூட்டையில் கட்டி, களைக்கொல்லி ஏறிய ஒரு கீரை நிலத்தை மீட்க.

நியாயமாகப் பார்த்தால் எனக்கும் கரிக்கும் ஆகவே ஆகாது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் தெருவில் காலையில் வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டவர் சாயங்காலம் சாம்பல் வேட்டியைத்தான் எடுப்பார். உயர் நீதிமன்றம் சொல்லி 2011இல் நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது. எங்களுக்கு விடிந்தது, ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பலைச் சுவாசித்துக்கொண்டிருந்த எண்ணூர்க்காரர்களுக்கு இன்னொரு பாரம் சேர்ந்தது. ஆக, வடசென்னைக்காரனிடம் போய் "கரி நல்லதுங்க" என்று சொன்னால் அடிக்கத்தான் வருவான். நானும் அப்படித்தான் இருந்தேன், போன வருஷம் வரைக்கும்.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சோழவரத்துக்குப் பக்கத்தில் 60 சென்ட் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறான். முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை. விடியற்காலை மூன்று மணிக்கே கட்டு கட்டி, டூ வீலரில் மலை மாதிரி அடுக்கி மூலக்கடைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் கொண்டுவந்துவிடுவான். போன வருஷம் பக்கத்திலேயே இன்னொரு 40 சென்ட் கிடைத்தது. முன்னால் வைத்திருந்தவர் மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளம் போட்டிருந்தாராம். நிலம் பார்க்க அவ்வளவு அழகு, ஒரு அருகம்புல் கிடையாது, ஒரு கோரை கிடையாது. "சுத்தமா இருக்கு மாமா, களையெடுக்கிற கூலி மிச்சம்" என்று அவன் சந்தோஷப்பட்டான், நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். புல்லே முளைக்காத நிலத்தைப் பார்த்து இரண்டு பேருமே சந்தோஷப்பட்டோம் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

விதை தூவி நாலாம் நாள் பளிச்சென்று முளைத்தது. ஒன்பதாம் நாள் நான் போனபோது ஒரு விரற்கடை உயரம். குனிந்து பார்த்தால் விதையிலையின் ஓரமெல்லாம் மஞ்சள், மஞ்சளுக்கும் வெளியே ஊதுவத்தி நெருப்பு பட்ட காகிதம் மாதிரி மெல்லிசாக ஒரு பழுப்பு விளிம்பு. அடியிலை முதலில் போனது, அப்புறம் மேலிலை. இருபதாம் நாளுக்குள் பாத்தி முழுக்கத் துரு நிறம். தண்ணீரில் உப்பு ஏறிவிட்டதோ என்று பார்த்தான். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்த கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்தப் பயம் எப்போதும் உண்டு. ஆனால் அதே கிணற்றுத் தண்ணீர் பாயும் பழைய 60 சென்ட்டில் கீரை செழிப்பாக நிற்கிறது. விதை மோசம் என்று விதைக்கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டான், புது விதை வாங்கித் தூவினான், மறுபடியும் அதே மஞ்சள் ஓரம். விதைக்கடைக்காரர் பாவம்.

மோட்டார் கொட்டகையைப் பெருக்கும்போதுதான் மூலையிலிருந்து இரண்டு கிழிந்த பாக்கெட் கிடைத்தது. அட்ரசின் என்ற களைக்கொல்லி, 50 சதவீதம், தண்ணீரில் கரைத்துத் தெளிக்கும் தூள். எவ்வளவு தெளித்தார், எத்தனை தரம் தெளித்தார் என்று கேட்க அந்த மனுஷன் ஊரில் இல்லை. நிலத்தில் ஒரு புல் கூட இல்லாமல் இருந்ததை வைத்துப் பார்த்தால், கை நிறையத்தான் தெளித்திருக்கிறார்.

அட்ரசின் எப்படிக் கொல்லும் என்று தெரிந்தால் எங்கள் கீரைக்கு நடந்தது புரியும். இலைக்குள் வெயிலைச் சாப்பாடாக்கும் இடத்தில் போய் அடைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதனால் முளைப்பதை அது தடுக்காது. விதைக்குள் இருக்கும் கட்டுச்சோறு தீரும்வரை செடி நன்றாகத்தான் இருக்கும், தானே சமைக்கத் தொடங்குகிற நாளில்தான் அடுப்பு எரியாது. மக்காச்சோளமும் கரும்பும் அந்த மருந்தைத் தங்களுக்குள்ளேயே உடைத்துச் செரித்துவிடும். கீரைக்கு அந்த வித்தை தெரியாது, பயறு வகைக்கும் தெரியாது. மக்காச்சோளத்தில் பயறு ஊடுபயிராகப் போட்டால் அட்ரசின் தெளிக்கக்கூடாது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு மக்காச்சோளம் போட்டவருக்கு. அடுத்து குத்தகைக்கு வந்த கீரைக்காரனுக்கு யார் சொல்வது?

மண்ணில் அட்ரசின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 60 நாள் என்று பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள். அதுவும் சராசரிதான். காரத்தன்மை கூடிய மண், காய்ந்து கிடக்கிற மண், குப்பை எருவே பார்க்காத மண் என்றால் இழுத்துக்கொண்டே போகும். அதோடு, மண்ணை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிற ரகமும் இல்லை, மழை பெய்தால் தண்ணீரோடு கீழே இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இதன் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டதற்கு நிலத்தடி நீர்தான் காரணம். நம்முடைய மத்திய அரசும் 2020 மே மாதம் 27 பூச்சி, களை மருந்துகளைத் தடை செய்ய ஒரு வரைவு ஆணை போட்டது, அதில் அட்ரசினும் இருந்தது. அப்புறம்? கடையில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும்.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கொசஸ்தலையாறு, ஆரணியாற்றுப் படுகையில் இருக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். 2019இல் ஏரிகள் வறண்டு, தெருவில் குடம் வரிசை கட்டி நின்றபோது, திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளின் கிணற்றிலிருந்து தண்ணீரை விலைக்கு வாங்கித்தானே ஊருக்குக் கொடுத்தார்கள். அந்த வயலில் தெளித்ததில் கொஞ்சம் என் வீட்டுக் குடத்துக்கும் வந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

சரி, மண்ணைச் சோதித்துப் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனோம். எந்த இடம் என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை, அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மண்வள அட்டை கையில் வந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், நுண்ணூட்டம் ஐந்து, கார அமில நிலை, உப்பு, கரிமம், மொத்தம் 12 விவரம். எல்லாம் பரவாயில்லை ரகம். களைக்கொல்லி எச்சத்துக்கு அந்த அட்டையில் கட்டமே கிடையாது. "மண்ணு நல்லா இருக்கே, நீங்க தண்ணி சரியா விடலையோ?" என்று கேட்டார்கள். மச்சான் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் "மாமா, அட்டையில நல்லா இருக்கு, பாத்தியில சாவுது" என்றான்.

இந்த இடத்தில்தான் என்னுடைய பழைய ஆய்வகப் புத்தி வேலை செய்தது. கரி சில நச்சுகளை இழுத்துப் பிடிக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான், தெரிந்தது என்பதைத்தான் மறந்துவிட்டோம். விஷம் குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கரித்தூளைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். வீட்டில் இருக்கிற தண்ணீர் சுத்திகரிப்பு மிஷினைப் பிரித்தால் ஒரு குழாயில் கறுப்பாக இருக்கும், அது பெரும்பாலும் தேங்காய் ஓட்டுக் கரி. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் போனால் தேங்காய்த் தொட்டியைக் கரியாக்குவது பெரிய தொழில். என் பாட்டி சாகும்வரை உமிக்கரியில்தான் பல் தேய்த்தாள், டூத் பேஸ்ட்டை "இனிப்பு மாவு" என்பாள்.

கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போய், மீன் தொட்டி வடிகட்டியில் போடுகிற ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது பிடிக்கும் திறன் ஏற்றிய கரி, ஒரு பாக்கெட் வாங்கினேன். வீட்டு அம்மியில் அரைத்தேன். (அம்மி கழுவ இரண்டு நாள் ஆனது. அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேசுகிறார்கள்.) மொட்டை மாடியில் நான்கு பெயின்ட் வாளி, ஒவ்வொன்றிலும் பத்து கிலோ மண். முதல் வாளியில் மச்சானின் பழைய நிலத்து நல்ல மண். இரண்டாவதில் கெட்ட மண், அப்படியே. மூன்றாவதில் கெட்ட மண்ணோடு அரைத்த மீன்கடைக் கரி 100 கிராம். நான்காவதில் கெட்ட மண்ணோடு 100 கிராம் உமிக்கரி, நாட்டு மருந்துக் கடையில் பல்லுக்கென்று விற்கிறார்களே, அது, உப்பு கிராம்பு சேர்க்காதது. நான்கிலும் ஒரே முளைக்கீரை விதை, ஒரே தண்ணீர், ஒரே வெயில்.

மூன்று வாரத்தில் இரண்டாவது வாளி காலி. மூன்றாவது வாளியில் கீரை, முதல் வாளிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நின்றது. நான்காவதில் பாதிக்கு மேல் பிழைத்தது, கொஞ்சம் குட்டை, சிலதில் அடியிலை மஞ்சள், ஆனால் நின்றது. இது ஆராய்ச்சி இல்லை, நான்கு வாளி, அவ்வளவுதான். எந்தக் கருவியிலும் எச்சத்தை அளக்கவில்லை. ஆனால் நிலத்தில் இருப்பது களைக்கொல்லிதான், கரி அதைப் பிடிக்கிறது என்று சொல்ல எனக்கு அது போதும். வெளிநாட்டிலும் விவசாயிகள் மண்ணில் சந்தேகம் வந்தால் இதே மாதிரி கரி கலந்தும் கலக்காமலும் தொட்டியில் விதைத்துத்தான் பார்க்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், வேதியியல் பாடத்தில் இதைப் பரப்புக் கவர்ச்சி என்போம். ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி இல்லை, சுவரில் ஒட்டிக்கொள்கிற மாதிரி. கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள், பொந்துக்குள் பொந்துகள். நல்ல ஆக்டிவேட்டட் கரி ஒரு கிராம் எடுத்து அதன் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் 1,000 சதுர மீட்டர் வரும், நம்ம ஊர்க் கணக்கில் நாலு கிரவுண்டுக்கு மேல். ஒரு சிட்டிகைக் கரி, நாலு கிரவுண்டு. அட்ரசின் மாதிரி வளைய அமைப்புள்ள மருந்துக்கு அந்தச் சுவர் ரொம்பப் பிடிக்கும், தண்ணீரில் மிதப்பதைவிட அங்கே ஒட்டிக்கொண்டு கிடக்கும், வேருக்குப் போகாது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் புல் விதை விவசாயிகள் பல பத்தாண்டுகளாக இதை வைத்து ஒரு வித்தை செய்கிறார்கள்: விதை வரிசைக்கு மேல் ஓர் அங்குல அகலத்துக்குக் கரிக்குழம்பைத் தெளித்துவிட்டு, வயல் முழுக்கக் களைக்கொல்லி அடித்துவிடுவார்கள். கரிக்கு அடியில் இருக்கும் விதை பிழைக்கும், மற்றதெல்லாம் சாகும். புல்தரையில் தெரியாமல் களைக்கொல்லி கொட்டிவிட்டால், ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 200 கிலோ ஆக்டிவேட்டட் கரி என்று அங்கே ஒரு கைக்கணக்கும் உண்டு.

அப்படியானால் ஆக்டிவேட்டட் கரியையே வாங்கிப் போட வேண்டியதுதானே என்பீர்கள். குத்தகை நிலத்தில், இன்னொருவர் கொட்டிய விஷத்துக்கு, கீரைக்கட்டு விற்ற காசில் யார் வாங்கிப் போடுவது? அதனால்தான் உமி. உமிக்கரி அந்த அளவுக்கு வீரியம் கிடையாது, பொந்துகள் குறைவு, பாதிக்குப் பாதி மணற்சத்தான சிலிக்காதான். ஆனால் நம்மூரிலேயே, நம் கண்ணெதிரே மலையாகக் குவிகிறது. 100 கிலோ நெல் அரைத்தால் சுமார் 20 கிலோ உமி.

உமி உங்களிடம் சும்மா கிடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பாய்லருக்கு அதுதான் எரிபொருள், மிச்சம் செங்கல் சூளைக்கும் கோழிப்பண்ணைக்கும் போகிறது, விலை இருக்கிறது. அந்தக் காலத்தில் உமி எடுத்துப்போக நீங்கள்தான் ஆளைத் தேட வேண்டும், இன்று லாரி வந்து நிற்கிறது. ஆகவே இலவசமாகக் கொட்டிக் கொடுங்கள் என்று கேட்க வரவில்லை. கணக்கைப் பாருங்கள். பத்து சென்ட்டில் ஒரு பரிசோதனைப் பாத்தி என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்குப் பத்து டன் என்ற அளவில், அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, போட்டால் 400 கிலோ உமிக்கரி வேண்டும். உமியைக் கரியாக்கினால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிற்கும், அப்படியானால் உமி 1,150 கிலோ. அது 75 கிலோ மூட்டையில் 77 மூட்டை நெல்லின் உமி. உங்களில் ஒருவர் ஒரு பொழுது அரைப்பதில் வருகிற சங்கதி.

கரியாக்குவது பெரிய கம்பசூத்திரம் இல்லை, நாங்களே செய்து பார்த்தோம். பழைய எண்ணெய் டின் ஒன்றைச் சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு, மேலே ஒரு தகரக் குழாயைப் புகைபோக்கியாக நிறுத்தி, டின்னுக்குள் சிராய் போட்டுப் பற்றவைத்து, சுற்றிலும் உமியை இடுப்பு உயரத்துக்குக் குவிக்க வேண்டியது. தீ உமியில் கொழுந்துவிட்டு எரியாது, கனன்று உள்ளிருந்து வெளியே வரும். மஞ்சள் உமி பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, குவியலின் முதுகில் அங்கங்கே கறுப்புத் தேமல் விழுகிற நேரத்தில் மண்வெட்டியால் புரட்டிவிட வேண்டும். முழுக்கக் கறுத்ததும் பரப்பித் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், நிறையவே ஊற்ற வேண்டும், உள்ளே கங்கு ஒளிந்திருக்கும். நாங்கள் முதல் தரம் அணைந்துவிட்டது என்று நம்பி டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் பாதிக் குவியல் வெளுத்துப்போய் வெறும் சாம்பல். கறுப்பில் நிறுத்தினால்தான் மருந்து, வெளுத்துவிட்டால் பாத்திரம் தேய்க்கத்தான் ஆகும்.

உங்கள் பாய்லர் அடுப்பிலிருந்து வருகிற சாம்பலும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. சிலர் ஆலையில் வெள்ளையாக வருகிறது, சிலர் ஆலையில் நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பில் எரியாத கரி கணிசமாக இருக்கிறது என்று அர்த்தம். உமியை அரைகுறையாக எரித்து வாயு எடுக்கிற கலன் வைத்திருப்பவர்களிடம் மிஞ்சுவதும் கரிதான். சாம்பலைக் கொட்ட இடம் இல்லாமல் அலைகிறவர்கள் உங்களில் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பதில் பாதி, நீங்கள் எப்படியும் அள்ளிக் கொட்டப்போகிற பொருள்தான்.

இப்போது கரியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் "ராயபுரத்துக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று பேச்சு வரக்கூடாது.

சுத்தம் செய்கிறது என்ற சொல்லே கொஞ்சம் பெரிய சொல். புழல் சிறைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான உங்களுக்கு எளிதில் புரியும்: கரி விஷத்தை உள்ளே பிடித்து வைக்கிறது, தூக்கில் போடுவதில்லை. சிலது பரோலில் வெளியே வரும். வேருக்கும் கிணற்றுக்கும் போகாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் விஷத்தைத் தின்று அழிக்கிற நுண்ணுயிருக்கும் அது எட்டாமல் போகலாம், அதனால் மண்ணுக்குள் அதன் ஆயுள் நீண்டுவிடவும் கூடும். அட்ரசினில் இருக்கும் தழைச்சத்தையே சாப்பிட்டு வாழ்கிற சூடோமோனாஸ் வகை பாக்டீரியா ஒன்றை 1990களில் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். அந்த மாதிரி ஆட்கள் நம் மண்ணிலும் குடியேற வேண்டுமானால் கரியைத் தனியாகப் போடாமல் மக்கிய எருவோடு ஊறவைத்துப் போடுவது நல்லது என்பது என் எண்ணம். எருவை அதிகமாகக் குழைத்தாலும் சிக்கல் உண்டு, கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் பீச் ஸ்டேஷனிலேயே சீட்டெல்லாம் நிரம்பிவிட்டால் திருவொற்றியூரில் ஏறுகிறவன் தொங்கத்தான் வேண்டும். கரியின் பொந்துகளும் அப்படித்தான், மட்குச் சத்து முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டால் களைக்கொல்லிக்கு இடம் குறையும். வருஷம் போகப் போகப் பிடிப்பும் தளரும்.

எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது எல்லோர் வாயிலும் அதன் பெயர்தான். மத்திய அரசு 2022 அக்டோபரில் அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் வழியாக மட்டுமே தெளிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. அது களிமண்ணிலும் இரும்புத் துருச் சத்திலும்தான் ஒட்டும் குணமுள்ளது, கரியை அவ்வளவாகச் சட்டை செய்யாது, உமிக்கரியில் இருக்கும் சாம்பலால் மண்ணின் காரம் ஏறினால் பிடிப்பு இன்னும் விட்டுப்போகலாம். அதனால் எதைத் தெளித்தார்கள் என்று தெரியாமல் கரியைக் கொட்டுவதில் அர்த்தமில்லை.

கடலோர மண், ஏற்கெனவே உப்பும் காரமும். உமிக்கரியை ஒரு தரம் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுவதுதான் உத்தமம். இன்னொன்று, கரி போட்ட நிலத்தில் அடுத்த பட்டத்துக்குக் களை முளைக்கும்முன் தெளிக்கிற மருந்து அடித்தால் அதையும் கரி விழுங்கிவிடும். விவசாயி "மருந்து வேலை செய்யலையே" என்று இரண்டு மடங்கு அடிப்பார். அதைவிடக் கேடு வேறில்லை. கரி போட்ட பாத்தியில் கைக்களைதான், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கரி என்றதும் கண்ட கரியையும் போட்டுவிடக்கூடாது, இதை அழுத்தியே சொல்கிறேன். அனல்மின் நிலையச் சாம்பல் வேறு, இது வேறு. அதில் கன உலோகங்கள் உண்டு, எண்ணூர்க் கழிமுகம் என்ன பாடு படுகிறது என்று போய்ப் பார்த்தாலே போதும். கொடுங்கையூர்க் குப்பையையும் கரியாக்கி வயலில் போடலாமே என்று ஒரு நண்பர் ஆசையாகக் கேட்டார். பிளாஸ்டிக்கும் பெயின்ட் அடித்த மரமும் கலந்ததைக் கருக்கினால் பழைய விஷத்தின் மேல் புது விஷம்தான் வரும். சுத்தமான உமி, தேங்காய் ஓடு, நிலக்கடலைத் தோல், இவை போதும். உலர்ந்த கரித்தூளும் சாம்பலும் நுரையீரலுக்கு ஆகாது, அதில் சிலிக்கா இருக்கிறது, நனைத்துத்தான் அள்ள வேண்டும், ஆலையில் அள்ளுகிறவர்களுக்கு முகக்கவசம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீங்கள் இப்போதே அதைக் கொடுக்கலாம், கரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எண்ணெய் டின் முறையில் புகை வருகிறது என்பதும் உண்மை. ஒரு குவியலுக்குச் சரி, நாற்பது குவியல் என்றால் செங்குன்றத்துக்காரர்கள் என்னைத் துரத்துவார்கள், துரத்த வேண்டியதும் நியாயம். பெரிதாகச் செய்வதென்றால் மூடிய கலத்தில் கருக்கி, வருகிற புகையையும் எரித்து, அந்தச் சூட்டை உங்கள் பாய்லருக்கே கொடுக்கிற ஏற்பாடுதான் வேண்டும். அடுப்பு, சூடு, நீராவி விஷயத்தில் உங்கள் பாய்லர் ஆட்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. அதனால்தான் அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அதிகாரிகளும் இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். மண்வள அட்டையில் 13வது கட்டம் போட நாள் பிடிக்கும், விலை உயர்ந்த கருவி வேண்டும், புரிகிறது. அதுவரை, மண் கொண்டுவருகிறவரிடம் "போன பட்டம் என்ன பயிர், என்ன மருந்து" என்று இரண்டு கேள்வி கேட்டு எழுதி வையுங்கள். சந்தேகம் என்றால் இரண்டு தொட்டியில் வெள்ளரியோ கீரையோ விதைத்து, ஒன்றில் கரி கலந்து, மூன்று வாரம் பாருங்கள். செலவு ஒரு டீ காசு. குத்தகை மாறும்போது தெளித்த மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுக்கிற வழக்கம் வந்தால் இன்னும் நல்லது.

முதலாளிகளே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர் போதும், 77 மூட்டை நெல்லின் உமியை எங்களுக்கு ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் பாய்லரில் கறுப்பாக வருகிற சாம்பலைத் தனியாகக் குவித்து வையுங்கள். உமிக்கு அன்றைய விலை என்னவோ அதைத் தருகிறோம், மச்சான் ஒத்துக்கொண்டுவிட்டான். கரியாக்குவது, அலசுவது, மூட்டை கட்டுவது, வண்டி எல்லாம் எங்கள் பொறுப்பு. நனைத்துத்தான் ஏற்றுவோம், ஜி.என்.டி. சாலையில் ஒரு துகள் பறக்காது. அந்த 40 சென்ட்டில் பத்து சென்ட்டை மூன்று பாத்தியாகப் பிரித்து வைத்திருக்கிறோம், பக்கத்திலேயே கரி போடாத பாத்தியும் இருக்கும், மழைக்கு முன் போட்டால் தை மாதத்துக்குள் எது நிற்கிறது, எது சாகிறது என்று நீங்களே வந்து பார்க்கலாம். விளைந்தால் முதல் அறுவடையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டாம், எச்சம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்த்த பிறகுதான் அது சந்தைக்கோ சட்டிக்கோ போகும். அந்தச் சோதனைக் கட்டணத்தையும் நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

ஆலை வாசலில் வாட்ச்மேனிடம் "ராயபுரத்திலிருந்து கரிக்காரர் வருவார்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். புதன்கிழமைகளில் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ராயபுரத்துக் கரிக்காரன்

பி.கு.: நான்காவது வாளியில் பிழைத்த கீரையைச் சமைத்தீர்களா என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. விதைக்கு விட்டிருக்கிறேன். மாடியில் இப்போது ஆள் இடுப்பு உயரம் நிற்கிறது, கதிர் பிடித்துவிட்டது, காக்காய்தான் தொந்தரவு.